கூண்டில் ஒருவர் மட்டும்

தொல்லியல்காரர்கள் கூடும் இடங்களில் ஒரு வசவு புழங்குகிறது. மேடையில் இருப்பவர் ஒரு பானை வகையைத் திரையில் காட்டி, "இது இன்ன மக்களுடையது" என்று சொல்லிவிட்டால் போதும். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கொசின்னா வேலையாக இருக்கிறதே" என்பார். அரங்கில் சிரிப்பு எழும். பேசியவர் முகம் சுண்டிவிடும். அதற்குமேல் வாதமே தேவைப்படாது. நான் இருந்த ஒரு கூட்டத்தில் அப்படிக் கேட்டவரே மறுநாள் தன் கட்டுரையில் ஒரு தாழி வகையைக் காட்டி, அதை ஒரு மொழிக் குடும்பத்தோடு முடிச்சுப் போட்டார். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெயரோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. குஸ்டாஃப் கொசின்னா ஓர் அரைகுறை. ஜெர்மானிய மொழிகளைப் படித்துவிட்டு அழையா விருந்தாளியாகத் தொல்லியலுக்குள் நுழைந்தவர். இனவெறி தலைக்கேறிப் பானை ஓடுகளில் முன்னோரைத் தேடினார். நாஜிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். 1945-இல் ஹிட்லரோடு சேர்த்து அவருடைய முறையையும் புதைத்தாகிவிட்டது. நல்ல தொல்லியல் அதற்குப் பிறகு தொடங்கியது. பாடநூல்களில் இரண்டு பத்திகளில் முடிந்துவிடும் இந்தக் கதையில் இனவெறி என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆட்டம் காண்பவை.

அவருக்காக வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அவர் விடுதலைக்குத் தகுதியானவரும் அல்ல. என் வழக்கு வேறு. குற்றம் ஒரு கூட்டமே சேர்ந்து செய்தது. கூண்டில் நிற்பவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து உச்சுக்கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த 'அரைகுறை' என்ற பட்டத்தைப் பார்த்துவிடலாம். கொசின்னா 1858-இல் கிழக்குப் பிரஷ்யாவின் டில்சிட் நகரில் பிறந்தார். அந்த ஊர் இன்று ரஷ்யாவில் சோவியெட்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது. அப்பா பள்ளி ஆசிரியர். கொசின்னா என்ற குடும்பப் பெயருக்கு மசூரிய வேர். அதாவது ஸ்லாவிய வேர். ஜெர்மானியரையும் ஸ்லாவியரையும் பானை பானையாகப் பிரிப்பதில் ஆயுளைக் கழித்தவர் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டுதான் கழித்தார். கெட்டிங்கன், லைப்சிக், பெர்லின், ஸ்ட்ராஸ்பர்க் என நான்கு பல்கலைக்கழகங்களில் படித்தார். பழைய ஃபிராங்கிய மொழிச் சான்றுகளை ஆராய்ந்து 1881-இல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டு நூலகப் பணி. 1902-இல்தான் பெர்லினில் ஜெர்மானியத் தொல்லியல் கற்பிக்கும் இடம் கிடைத்தது. அதுவும் முழுப் பேராசிரியர் பதவி அல்ல. கடைசிவரை அது கிடைக்கவுமில்லை.

பெர்லினில் அவருக்கு ஆசானாக வாய்த்தவர் கார்ல் முல்லென்ஹோஃப். அந்தக் காலத்து ஜெர்மானியவியலை இலக்கணப் படிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. பழைய மொழிகள், குலச் சட்டங்கள், தொன்மங்கள், ஊர்ப் பெயர்கள், ரோமானியர் எழுதிவைத்த குறிப்புகள் எல்லாவற்றையும் கோத்து ஒரு மக்களின் பழங்காலத்தையே எழுப்பிக் காட்டும் துறை அது. அதன் பெருந்தலைகளில் ஒருவர் முல்லென்ஹோஃப். அவரிடம் பாடம் கேட்ட மாணவனை அரைகுறை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொசின்னாவின் பிழை படிப்புக் குறைவால் வந்தது என்பதை இதனால்தான் நான் ஏற்பதில்லை. படிப்பிலிருந்தே வந்த பிழை அது. மொழிகளுக்குக் குடும்ப மரம் வரைந்து பழகிய கை அவருடையது. கிளை மொழிகள் இருந்தால் ஒரு மூல மொழி இருக்க வேண்டும். மூல மொழி இருந்தால் அதைப் பேசிய மூலக்குடி இருக்க வேண்டும். குடி இருந்தால் அதற்கொரு தாயகம் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த மொழி அறிஞர்கள் கூசாமல் ஏறிய படிக்கட்டு இது. சீசருக்கும் டாசிட்டஸுக்கும் முன்னால் போனால் எழுத்துச் சான்று அற்றுப்போகிறது. படிக்கட்டு அந்தரத்தில் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே முட்டுக்கொடுக்க கொசின்னா பானைகளை எடுத்து வந்தார்.

1895-இல் காசல் நகரில் நடந்த மானிடவியல் கூட்டத்தில் அவர் ஆற்றிய உரை இதைத்தான் முன்வைத்தது. வரலாற்றுக் காலத்தில் ஜெர்மானியக் குடிகள் இருந்ததாக ரோமானியர் சொன்ன இடங்களை எடுத்துக்கொள். அங்கே கிடைக்கும் ஊக்குகள், வாள்கள், பானைகள் ஆகியவற்றை வரைபடத்தில் குறி. அதே வட்டாரத்தில் அதற்கு முந்தைய காலத்துப் பொருள்களையும் குறி. எங்கே அறுபடாமல் தொடர்ச்சி தெரிகிறதோ அங்கே அதே மக்கள். இப்படியே பின்னோக்கி நடந்தால் வெண்கலக் காலத்தையும் தாண்டிப் போய்விடலாம். 1911-இல் எழுதிய 'ஜெர்மானியரின் தோற்றம்' என்ற நூலில் இதை விதியாகவே வடித்தார்: கூர்மையான எல்லை கொண்ட தொல்பொருள் வட்டாரம் ஒவ்வொன்றும், எந்தக் காலமானாலும், ஒரு குறிப்பிட்ட மக்களோடு பொருந்தும். அவர் களத்தில் இறங்கித் தோண்டியது மிகக் குறைவு. அருங்காட்சியகம் அருங்காட்சியகமாக ஏறி இறங்கிக் குறிப்பெடுத்தவர். வேறு எத்தனையோ பேர் தோண்டிப்போட்டதைச் சேர்த்து வரைபடம் போட்டவர்.

இதை அவர்தான் கண்டுபிடித்தார் என்பது கதையின் அடுத்த பொய். கொசின்னாவுக்கு எதிர்முனையில் நிறுத்தப்படும் நல்லவர் ருடால்ஃப் ஃபிர்கோ. மருத்துவர், தாராளவாதி, பிஸ்மார்க்கை எதிர்த்தவர். ஏறத்தாழ 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் முடி நிறத்தையும் கண் நிறத்தையும் கணக்கெடுத்து, தூய ஜெர்மானிய இனம் என்று ஒன்று கிடையாது என்று காட்டியவர். அந்தக் கணக்கெடுப்புக்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் மதிக்கலாம். அதே ஃபிர்கோதான் கிழக்கு ஜெர்மனியில் கிடைத்த பானைகளை இரண்டாகப் பிரித்து, மண்கோட்டைகளில் கிடைத்த வகைக்கு ஸ்லாவியர் என்று சீட்டு ஒட்டினார். அதற்கு முந்தையதை லுசேஷிய வகை என்றார். கொசின்னா அப்போது மொழியியல் வகுப்பைக்கூட முடித்திருக்கவில்லை. பானைக்குக் குலம் கற்பிக்கும் பழக்கம் அந்தத் துறையின் பொதுச்சொத்து. தாராளவாதியும் அதைத்தான் செய்தார், தேசவெறியரும் அதைத்தான் செய்தார்.

அந்த லுசேஷியப் பானையைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பார்ப்போம். வழக்கே அதில்தான் இருக்கிறது. இன்றைய கிழக்கு ஜெர்மனியிலும் போலந்திலும் வெண்கலக் காலத்தின் பிற்பகுதியில் புழங்கிய மட்கலம். சில வகைகளில் வயிற்றைச் சுற்றிக் குமிழ் குமிழாகப் புடைப்பு இருக்கும். உள்ளிருந்து யாரோ கட்டைவிரலால் தள்ளியதுபோல. இறந்தவரை எரித்து, சாம்பலை இப்படிப்பட்ட பானைகளில் அள்ளிப் புதைத்தார்கள். எழுத்து கிடையாது. அந்த மக்கள் பேசிய மொழியில் ஒரு சொல்கூட நம்மிடம் இல்லை.

கொசின்னா இதற்குத் தந்த சான்றிதழ் என்ன? ஜெர்மானியர் என்று அவர் சொல்லவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதலில் திராசியர் பக்கம் சாய்த்தார். பிறகு இல்லிரியர் என்றார். அவருடைய ஜென்மப் பகைவர், பெர்லின் அருங்காட்சியகத்தின் தொல்பழங்காலப் பிரிவுக்குத் தலைவராக இருந்த கார்ல் ஷூக்ஹார்ட், இது ஜெர்மானியருடையது என்று சாதித்தார். ஷூக்ஹார்ட் கவனமாக அகழ்ந்த நிதானமான ஆள் என்று இன்றும் பெயர் வாங்குபவர். மூன்றாவதாக வந்தார் யோசெஃப் கொஸ்ட்ஷெவ்ஸ்கி. போலந்துக்காரர். பெர்லினில் கொசின்னாவிடமே படித்து 1914-இல் முனைவரானவர். போஸ்னான் திரும்பி, ஆசிரியரின் முறையில் ஒரு திருகாணியைக்கூட மாற்றாமல், அதே பானை ஸ்லாவியருடையது என்று நிறுவினார். ஒரே குமிழ்ப் பானைக்கு மூன்று கடவுச்சீட்டு. களிமண் மாறவில்லை, வரைபடம் மாறவில்லை, காலக்கணிப்புகூடப் பெரிதாக மாறவில்லை. இப்படி மூன்று விடை தரும் ஒரு முறையில் கோளாறு இருக்கிறது என்று சொல்ல இனவாதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

இது ஏட்டுச் சண்டையாகவே நின்றிருந்தால் பரவாயில்லை. முதல் உலகப் போர் முடிந்து வெர்சாயில் எல்லைக்கோடு போட்டுக்கொண்டிருந்த 1919-இல், விஸ்டுலா ஆற்றுப் படுகை ஜெர்மானியரின் ஆதி மண் என்று கொசின்னா ஒரு சிறு நூல் போட்டார். அந்தப் பகுதிச் சாம்பல் தாழிகளில் கண், மூக்கு, காது வைத்து முகம் செய்திருப்பார்கள்; காதில் வெண்கல வளையம்கூடத் தொங்கும். அந்த முகங்களை அவர் ஜெர்மானியர் கணக்கில் எழுதினார். மறுபக்கம் 1933-இல் பிஸ்குபின் என்ற ஊரின் ஏரியில் மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருப்பதை ஒரு பள்ளி ஆசிரியர் கண்டார். மறுவருடம் கொஸ்ட்ஷெவ்ஸ்கி அகழத் தொடங்கினார். கட்டைகள் பாவிய தெருக்கள், வரிசை வரிசையாக மரவீடுகள், சுற்றிலும் மரக்கோட்டை. போலந்து நாடே திரண்டு வந்து பார்த்தது. ஸ்லாவிய முன்னோரின் நகரம் என்று கொண்டாடியது. 1939-இல் ஜெர்மன் படை வந்தது. ஹிம்லரின் ஆய்வு அமைப்பு அதே குழியில் இறங்கி, ஊர்ப் பெயரையே உர்ஸ்டெட் என்று மாற்றிவிட்டுத் தோண்டியது. கொஸ்ட்ஷெவ்ஸ்கி தலைமறைவானார். 1945-க்குப் பிறகு போலந்து மேற்கே நகர்ந்தபோது, ஜெர்மானியரை வெளியேற்றிய பகுதிகளுக்கு 'மீட்கப்பட்ட நிலங்கள்' என்று பெயர் வைத்தார்கள். பானைகள் அதற்கும் சாட்சிக்கு வந்தன.

அந்தப் பிஸ்குபின் மரங்களைப் பிற்பாடு வளையம் எண்ணிக் கணித்தார்கள். பாதிக்கு மேற்பட்டவை கி.மு. 738–737 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை. எந்தப் பருவத்தில் கோடாரி விழுந்தது என்பதுவரை மரம் சொல்லிவிட்டது. வெட்டியவன் எந்த மொழியில் திட்டிக்கொண்டு வெட்டினான் என்பதை அது சொல்லவில்லை.

இப்போது நாஜிகள் கதைக்கு வருவோம். இதற்கு இரண்டு வடிவம் உண்டு. இரண்டும் தப்பிக்கும் வழி. முதல் வடிவம் 'கொசின்னா நாஜி அறிஞர்'. அவர் 1931 டிசம்பரில் செத்துப்போனார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தது அதற்குப் பதின்மூன்று மாதம் கழித்து. அவர் கைசர் காலத்துச் சரக்கு. அவருடைய முக்கியமான நூல்கள் வந்தபோது ஹிட்லர் பெயர் யாருக்கும் தெரியாது. நோய்க்கு 1933-ஐப் பிறந்த தேதியாகப் போட்டுவிட்டால் அதற்கு முந்தைய ஐம்பது வருடப் பல்கலைக்கழக வாழ்க்கை சுத்தமாகிவிடுகிறது. அந்த வசதிக்காகத்தான் இந்த வடிவம்.

இரண்டாம் வடிவம், 'அவர் பாவம், நாஜிகள் தவறாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்'. இது அதைவிட மோசம். தவறாகப் பயன்படுத்த என்ன இருந்தது? ஜெர்மானியத் தொல்பழங்காலம் தலைசிறந்த தேசிய அறிவியல் என்று 1912-இல் நூலுக்குத் தலைப்பே வைத்தவர் அவர். 1921-இல் இந்தோ-ஜெர்மானியர் பற்றிய நூலில் பானையோடு மண்டை ஓட்டையும் சேர்த்துக்கொண்டார். இனத்தின் ஏற்றத்தாழ்வைப் போதித்த கோபினோவின் அன்பர்களோடு உறவு வைத்திருந்தார். 1928-இல் நாஜித் தலைவர் ரோசன்பர்க் தொடங்கிய பண்பாட்டுப் போர்ச் சங்கத்துக்கு ஆதரவு தந்தார். அவர் சமைத்து வைத்ததைத்தான் அவர்கள் பரிமாறினார்கள். 1934-இல் நாஜித் தொல்லியலாளர் ஹான்ஸ் ரைனெர்த் அவருடைய பெர்லின் இருக்கையில் வந்து அமர்ந்தபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இடையில் ஒன்று. அவருடைய மனக்குறைக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்நாளில் ஜெர்மன் அரசின் பணம் ஒலிம்பியாவுக்குப் போயிற்று; ரோமானிய எல்லைச் சுவரை ஆராய 1892-இல் தனி ஆணையமே வந்தது. சொந்த ஊர்ப் புதைகுழிகளைப் படிப்பவனைப் பாமர ஆர்வலன் என்றே கிரேக்க-ரோமானியப் பண்டிதர்கள் பார்த்தார்கள். அந்தப் புறக்கணிப்பின் கசப்பு அவர் எழுத்து முழுக்க ஊறியிருக்கிறது. நியாயமான குறை அநியாயமான கோட்பாட்டுக்கு எருவாவதை வேறு இடங்களிலும் பார்த்திருக்கிறோம்.

1945-இல் முறை புதைந்தது என்பதுதான் கதையிலேயே பெரிய பூசணிக்காய். அதை அடிப்படையிலேயே கேள்வி கேட்ட எழுத்து 1945-க்கு முன்பே வந்துவிட்டது. எர்ன்ஸ்ட் வாலே, கொசின்னாவின் மாணவர், 1941-இல் ஹைடல்பெர்கிலிருந்து எழுதினார்: பண்பாட்டு வட்டாரங்களுக்கு இனப்பெயர் சூட்டும் வேலை செல்லாது. நாஜி ஆட்சி உச்சத்தில் இருந்த நேரம் அது. போருக்குப் பிறகோ, 1959-இல் ஹான்ஸ் யூர்கன் எக்கர்ஸ் தன் அறிமுக நூலில் கொசின்னாவைப் பிரித்து மேய்ந்ததுபோன்ற சில முயற்சிகளைத் தவிர, துறை பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டது. கோட்பாடே வேண்டாம், வகைப்படுத்து, காலம் குறி, பட்டியல் போடு என்று குனிந்த தலை நிமிராமல் வேலை நடந்தது. பட்டியலின் அலகு என்ன? அதே 'பண்பாடு'. பெயர்ப்பலகையில் குலப்பெயரை அழித்துவிட்டு வீட்டை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

ஜெர்மனிக்கு வெளியே அது அழியக்கூட இல்லை, மரியாதையாக வாழ்ந்தது. கார்டன் சைல்ட் ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்க்சியர். கொசின்னாவின் இனவாதத்தை வெறுத்தவர். பானை, கருவி, அணிகலன், ஈமச்சடங்கு, வீட்டமைப்பு எல்லாம் திரும்பத் திரும்பச் சேர்ந்து வந்தால் அது ஒரு பண்பாடு, அதற்குப் பின்னால் ஒரு மக்கள் என்று 1929-இல் அவர் தந்த வரையறையில்தான் ஆங்கில உலகம் அரை நூற்றாண்டு பாடம் படித்தது. அந்தச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது சைல்டுக்குத் தெரியும். படித்தவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் பக்கமும் அது வந்து சேர்ந்தது. 1950–52-இல் அஸ்தினாபுரத்தை அகழ்ந்த பி.பி. லால், வண்ணம் தீட்டிய சாம்பல் நிறப் பானையை ஆரியரோடு இணைத்தார். தென்னிந்தியப் பெருங்கற்படைக் கல்லறைகளைத் திராவிட மொழி பேசியோரின் வருகையோடு இணைத்தார் வியன்னாவில் பயின்ற ஃபியூரர்-ஹைமண்டோர்ஃப். எதிரெதிர் முகாம்களில் இருப்பவர்கள் இன்றும் இந்த இரண்டையும் தலைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறார்கள். உள்புறம் புள்ளி புள்ளியாக வட்டக்கோடு போட்ட வழவழப்பான ஒரு தட்டு உண்டு, ரௌலட்டட் என்பார்கள். அரிக்கமேட்டில் கிடைத்தது, அனுராதபுரத்தில் கிடைத்தது, வங்கத்தில் கிடைத்தது, பாலித் தீவில் கிடைத்தது. கொசின்னா விதிப்படி இவர்கள் எல்லாரும் ஒரே குலமாகியிருக்க வேண்டும்.

அண்மையில் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கிளம்பியிருக்கிறது. கொசின்னாவைத் திட்டியவர்களெல்லாம் தோற்றார்கள், மரபணு அவரை நிரூபித்துவிட்டது என்கிறது அது. 2015-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, கயிற்று அச்சுப் பானைக்காரர்கள் என்று அழைக்கப்படுவோரின் ஜெர்மனி எலும்புகளில் ஏறத்தாழ முக்கால் பங்கு வம்சம் கிழக்கின் ஸ்டெப்பி புல்வெளிகளிலிருந்து வந்தது என்று காட்டியது. அப்படியானால் பானையோடு மக்களும் நகர்ந்தார்கள்தானே? நகர்ந்தார்கள். திசையைக் கொஞ்சம் கவனியுங்கள். வடக்கு ஐரோப்பாவே தாயகம், அங்கிருந்து எல்லாத் திக்கிலும் வெற்றிநடை என்பது கொசின்னா சொன்னது. எலும்பு சொல்வது கிழக்கிலிருந்து உள்ளே வந்ததை. அவருடைய வரைபடத்தில் அம்புக்குறி தலைகீழ். ஒருமுறை பானையும் வம்சமும் சேர்ந்து நகர்ந்ததால் எக்காலத்திலும் எவ்விடத்திலும் சேர்ந்தே நகரும் என்ற விதி எப்படி எழும்? அவர் தோற்றது அந்த 'எக்காலத்திலும்' என்ற சொல்லில்தான்.

அந்த 2015 ஆய்வு அச்சேறும் முன் நடந்ததை அதில் முதன்மைப் பங்கு வகித்த டேவிட் ரைக் எழுதியிருக்கிறார். கையெழுத்துப்படியைப் படித்த ஒரு ஜெர்மன் தொல்லியலாளர், இது கொசின்னாவை நினைவூட்டிவிடும் என்று மற்றவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார். சிலர் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள். பிறகு, முடிவு கொசின்னாவுக்கு நேரெதிர் என்று கட்டுரையில் அழுத்திச் சொல்லப்பட்டது. அஞ்சியவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. அஞ்சிய இடம்தான் புரியவில்லை. 'கயிற்று அச்சுப் பானை மக்கள்' என்ற தொடரை அவர்கள் அத்தனை காலமும் கூச்சமில்லாமல் எழுதிவந்தார்கள். எலும்புகளை மரபணுக் கூடத்துக்கு அனுப்பும்போது ஒட்டிய சீட்டிலும் அந்தப் பெயர்தான். கொசின்னா கட்டுரையின் முடிவில் வந்து எட்டிப்பார்த்ததாக நினைத்தார்கள். அவர் மாதிரிப் பட்டியலின் முதல் கட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1962-இல் ரோல்ஃப் ஹாக்மன், கேயோர்க் கோசாக் என்ற இரண்டு தொல்லியலாளர்களும் ஹான்ஸ் கூன் என்ற ஜெர்மானியவியலாளரும் சேர்ந்து ஒரு நூல் எழுதினார்கள். வடமேற்கு ஜெர்மனியை எடுத்துக்கொண்டு, தொல்பொருளைத் தனியாகவும் இடப்பெயர்களைத் தனியாகவும் ஆராய்ந்து கடைசியில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே இருந்தவர்கள் ஜெர்மானியரும் அல்ல, கெல்ட்டுகளும் அல்ல என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்த முடிவை எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை; எனக்கும் ஐயங்கள் உண்டு. ஆனால் பெயர் தெரியாத ஒரு கூட்டத்தைப் பெயர் தெரியாததாகவே விட்டுவைக்கும் துணிச்சல் அந்தத் துறையில் அபூர்வம். அவர்களில் ஒருவர் கொசின்னாவைப்போலவே ஜெர்மானியவியல் படித்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 'இது யாருடையது' என்ற கேள்விக்கு இன்னொரு பானை. 1913 மே மாதம் பெர்லினுக்கு வடகிழக்கே, எபர்ஸ்வால்டுக்குப் பக்கத்தில், ஒரு பித்தளை ஆலை வளாகத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டிய தொழிலாளிகள் ஒரு பானையில் இடித்தார்கள். ஹிர்ஷ் என்ற யூதக் குடும்பத்தின் ஆலை அது. பானைக்குள் 8 தங்கக் கிண்ணங்கள். கிண்ணங்களுக்குள் வளையல்களும் கம்பிச்சுருள்களும் தங்கக் கட்டிகளுமாக இன்னும் 73. மொத்த எடை இரண்டரைக் கிலோவுக்கு மேல். காகிதம்போல் தட்டிய தங்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக அச்சுப் பதித்த கிண்ணங்கள், ஏறத்தாழ மூவாயிரம் வயது. ஷூக்ஹார்ட் அதிகாரபூர்வ நூலை எழுதிக்கொண்டிருக்க, கொசின்னா முந்திக்கொண்டு அதே வருடம் ஒரு நூலை வெளியிட்டு, ஜெர்மானியரின் வழிபாட்டுக் கலங்கள் என்று தலைப்பிலேயே முடிவுகட்டினார். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றது. 1945-இல் சோவியத் படை பெர்லினில் நுழைந்ததும் கிண்ணங்கள் காணாமல் போயின. 2004-இல் மாஸ்கோ புஷ்கின் அருங்காட்சியகத்தின் கிடங்கில் இருப்பது தெரியவந்தது. 2013 ஜூனில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். கண்காட்சியின் பெயர் 'வெண்கலக் காலம்: எல்லைகளற்ற ஐரோப்பா'. திறந்துவைக்க மெர்கலும் புட்டினும் வந்தார்கள். இவை ஜெர்மனிக்குத் திரும்ப வேண்டும் என்றார் மெர்கல். புட்டின் இசையவில்லை. கிண்ணங்கள் ரஷ்யாவிலேயே இருக்கின்றன. பெர்லின் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவை நகல்கள்.